கையில் சிவக்கட்டும், சட்டையில் வேண்டாம்



பெருநாள் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் முதல் நாள் காலை, வகுப்பறைக்குள் நுழையும்போது கைகளெல்லாம் சிவந்திருக்கும். பார்க்க அழகாக இருக்கும். அதே காலையில் இரண்டு மூன்று வெள்ளைச் சட்டைகளின் கைவிளிம்பிலும், முக்காட்டின் ஓரத்திலும் செம்மஞ்சள் நிறத் திட்டுகள் தெரியும். அவற்றை அணிந்த பிள்ளைகள் அன்று முழுவதும் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மாணவி மூன்று நாள் வரவில்லை. சுகமில்லையோ என்று கேட்டு அனுப்பினேன். நான்காம் நாள் வந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், இருக்கிறதே ஒரு நல்ல சட்டை. உம்மா ரெண்டு தரம் கழுவிட்டாங்க, போகுதில்ல. அதான் வரல்ல." ஒரு துளி மருதோன்றிக்காக மூன்று நாள் பாடம் போயிருக்கிறது. சீருடைத் துணி அரசாங்கம் தருவதுதான். ஆனால் தைகூலி வீட்டுக்காரர் கொடுப்பது. இரண்டாவது சட்டை எல்லா வீட்டிலும் இருப்பதில்லை. அதனால்தான் இந்தச் சின்ன விடயத்தைப் பற்றி எழுதத் துணிந்தேன். நான் கற்பிப்பது விஞ்ஞானம். பிறந்த ஊர் மயிலிட்டி. இந்த இரண்டும் இக்கட்டுரைக்கு உதவும்.

மருதோன்றி எப்படிச் சிவக்கிறது?

மருதோன்றி, மருதாணி, எங்கள் பக்கத்தில் மருதோண்டி எல்லாம் ஒரே செடிதான். அதன் இலையில் லோசோன் என்ற நிறப்பொருள் ஒளிந்திருக்கிறது. இலை முழுதாக இருக்கும்போது கையில் தேய்த்தால் பெரிதாக ஒன்றும் ஒட்டாது. அரைத்து நீர் சேர்த்து, சிறிது புளிப்பும் சேர்த்து வைத்தால்தான் அந்த நிறப்பொருள் வெளியே வரும். தேசிக்காய்ச் சாறு விடுவதன் காரணம் இதுவே.

வெளியே வந்த லோசோன் தோலின் மேலடுக்கிலுள்ள கெரற்றின் என்ற புரதத்தைக் கண்டால் அதனோடு இரசாயன முறையில் பிணைந்துகொள்ளும். அது மேலே பூசிய வர்ணம் போன்றதல்ல. அதனால்தான் சவர்க்காரம் போட்டாலும் உடனே போவதில்லை. அந்தத் தோலடுக்கு தானாக உதிரும்போதுதான் நிறமும் போகும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்த மேலடுக்கு தடிப்பானது. ஆகையால் அங்கே நிறம் ஆழமாகப் பிடிக்கும், புறங்கையில் வெளிறி நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மருதோன்றியை எடுத்தவுடன் கை வெளிர் செம்மஞ்சளாகத்தான் இருக்கும். ஒன்று அல்லது இரண்டு நாட்களில் காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு அது கருஞ்சிவப்பாகும். ஆகவே பெருநாள் காலையில் கை நன்றாகச் சிவந்திருக்க வேண்டுமென்றால் முந்திய இரவு போடுவது பிந்திப் போடுவதாகும். இந்த விடயத்துக்குப் பின்னர் திரும்பி வருகிறேன்.

வலைக்குச் சாயம் போட்ட ஊர்

மயிலிட்டி ஒரு மீன்பிடி ஊர். 1990இல் இடம்பெயர்ந்து, துறைமுகம் உட்பட ஒரு பகுதி நிலம் 2017 ஜூலையில்தான் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களும் தங்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடு போனால் வீட்டோடு பல கைவேலை அறிவும் போய்விடும். எங்கள் ஊரில் போன அறிவுகளில் ஒன்று வலைக்குச் சாயம் போடுவது.

இன்று வலை நைலோன் நூலில் வருகிறது. 1950களின் பிற்பகுதிக்கு முன்னர் வலைகள் பருத்தி நூலிலும் சணல் போன்ற நாரிலும் ஆனவை. அவை கடல்நீரில் கிடந்தால் கிருமிகள் தின்று சில காலத்திலேயே இற்றுவிடும். அதைத் தடுக்கக் கரையோர மக்கள் கண்டல் மரப்பட்டை போன்ற துவர்ப்பான பட்டைகளை இடித்துப் பெரிய கிடாரத்தில் அவித்து, அந்தச் சிவந்த சாற்றில் வலையைத் தோய்த்துக் காயவிடுவார்கள். அந்தத் துவர்ப்புப் பொருளின் பெயர் தனின். தேயிலையிலும், கடுக்காயிலும், நம் சட்டைகளைக் கெடுக்கும் வாழைக்கயரிலும் இருப்பது அந்த வகைப் பொருள்தான்.

அம்மம்மா சொல்லுவார், சாயம் போடுகிற நாளில் அப்பு பழைய சாரம் ஒன்றைத்தான் கட்டுவாராம். அந்தச் சாரத்தை வேறு எதற்கும் தொடவிடமாட்டாராம். "சாயத்துக்கு எண்டு ஒரு துணி, கோயிலுக்கு எண்டு ஒரு துணி. ரெண்டும் ஒரு கொடியிலை காயக்கூடாது" என்பது அவர் வாக்கு. கறையைப் பற்றி எழுதக்கூடிய முதல் விதி இதுதான். எதைப் பூசினாலும் அதற்கென்று ஓர் உடுப்பு ஒதுக்குங்கள்.

வலைச் சாயத்தில் இன்னொரு பாடமும் உண்டு. ஒருமுறை தோய்த்தால் அது ஆயுளுக்கும் நிற்பதில்லை. கடலில் போய்வரச் சாயம் வெளிறும். திரும்பத் திரும்பத் தோய்க்க வேண்டும். ஏனென்றால் பருத்தி என்பது செலுலோசு. அதில் புரதம் இல்லை. சாயம் அதைத் தளர்வாகத்தான் பிடித்திருக்கும். பருத்தியில் சாயம் நிலைக்க வேண்டுமென்றால் படிகாரம் போன்ற ஓர் இணைப்புப் பொருள் தேவை. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார்க் கரையோரங்களில் கிண்டியெடுத்த சாயவேரைக் கொண்டு துணிக்குச் சிவப்பு ஏற்றியவர்களுக்கு இந்த வித்தை தெரிந்திருந்தது. படிகாரம் உலோக உப்பு. அது ஒரு பக்கம் நூலையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும்.

இதை நாம் தலைகீழாகப் பயன்படுத்தலாம். வெள்ளைப் பருத்திச் சட்டையில் பட்ட மருதோன்றி தளர்வாகத்தான் இருக்கிறது. அதை இறுக்கிவிடும் காரியம் எதையும் நாம் செய்யக்கூடாது. துருப்பிடித்த வாளி, துருநீர், படிகாரம், சூடு ஆகியன சாயத்தை இறுக்குபவை. இரும்பு பட்டால் தனின் கறை கருநீலமாகவே மாறிவிடும். பழைய காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து எழுது மை செய்ததும் இதே முறையில்தான்.

காசு கொடுத்துக் கறுப்பது

மருதோன்றிக்கு மேல்நாட்டில் ஓர் உறவுக்காரி இருக்கிறாள். வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்கும் லோஷன். புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு வரும்போது அதுவும் பெட்டிக்குள் வந்துவிடுகிறது. லண்டனிலிருந்து ஒரு கலியாணத்துக்கு மயிலிட்டி வந்த என் பெறாமகள் முதல்நாள் இரவு அதைப் பூசிக்கொண்டு படுத்தாள். விடியப் பார்த்தால் வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஓர் ஆள் உருவம் பழுப்பாகப் பதிந்திருந்தது. விரிப்புப் போனால் போகட்டும். காலையில் அவள் உடுத்த சந்தனநிறப் பட்டுச் சட்டையின் கழுத்திலும் அக்குளிலும் வியர்வையோடு சேர்ந்து பழுப்பு இறங்கியது. அது இன்றுவரை போகவில்லை. என் அம்மா சொன்னார்: "இஞ்சை பிள்ளையள் வெயில்லை கறுக்கிறம் எண்டு அழுகுதுகள். இவள் காசு குடுத்துக் கறுக்கிறாள்."

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். இந்த லோஷனில் இருக்கும் பொருளின் பெயர் டைஹைட்ரொக்சி அசிற்றோன். அது ஒரு எளிய சீனி வகை. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விற்கென்ஸ்ரைன் என்ற ஆய்வாளர் ஓர் அரிய நோயுள்ள பிள்ளைகளுக்கு இதை மருந்தாகக் குடிக்கக் கொடுத்து ஆராய்ந்தார். பிள்ளைகள் துப்பிய இடங்களில் தோல் சில மணிநேரத்தில் பழுப்பானது. அதிலிருந்து பிறந்ததுதான் இந்த வியாபாரம். 1960 அளவில் இத்தகைய லோஷன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

பாண் வேகும்போது மேற்பக்கம் பழுப்பாகிறதே, அங்கே நடப்பது சீனியும் புரதமும் சேரும் தாக்கம். தோலில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. தோலின் இறந்த மேலடுக்கிலுள்ள புரதத்தோடு அந்தச் சீனி சேர்ந்து மெதுவாகப் பழுப்பு நிறம் உண்டாகிறது. தொடங்க இரண்டு முதல் நான்கு மணிநேரம் ஆகும். முழுமையாக ஒரு நாளும் ஆகலாம். ஒரு வாரமளவில் தோல் உதிர நிறமும் போகும். ஒன்றை மறக்கவேண்டாம். இந்தப் பழுப்பு வெயிலின் தீங்கிலிருந்து காப்பாற்றாது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. அந்தச் சீனிக்குத் தனியாக நிறம் கிடையாது. நீரில் நன்றாகக் கரையும். ஆகவே துணியில் பட்டு ஒரு மணிநேரத்துக்குள் குளிர்ந்த நீரில் அலசினால் பெரும்பாலும் கறையே உண்டாகாது. நிறம் தெரியவில்லையே என்று மடித்து வைத்தால் மறுநாள்தான் கறை எழும்பும். சூடு காட்டினால் பாண் வேகுவதுபோல் விரைவில் பழுத்துவிடும். சில லோஷன்களில் எங்கே பூசினோம் என்று தெரிவதற்காக வேறு பழுப்பு வர்ணமும் கலந்திருப்பார்கள். துணியில் உடனே தெரிவது அதுதான். அது சாதாரண கழுவலில் பெரும்பாலும் போய்விடும்.

எந்தத் துணி எதைப் பிடிக்கும்?

மருதோன்றியானாலும் லோஷனானாலும் அவை தேடுவது புரதத்தை. தோல், முடி, நகம் எல்லாம் புரதம். பட்டும் கம்பளியும் புரதமே. ஆகவே பட்டுச் சேலைக்கும் தோலுக்கும் இவை வித்தியாசம் பார்ப்பதில்லை. பட்டில் பட்டால் பெரும்பாலும் நிரந்தரம். நைலோன் செயற்கையானதாயினும் அதன் கட்டமைப்பு புரதத்தை ஓரளவு ஒத்தது. ஆகையால் அதுவும் பிடித்துக்கொள்ளும். உள்ளாடைகளின் இழுவைப் பட்டியிலும், மெல்லிய காலுறையிலும் கறை போகாமல் நிற்பது இதனாலேயே.

பருத்தி இடைப்பட்டது. கறை பிடிக்கும், உடனே கவனித்தால் விடும். பொலியெஸ்தர் நீரையே அதிகம் உறிஞ்சாது. அதில் கறை மேலோட்டமாகவே நிற்கும். உங்கள் சீருடை பருத்தியும் பொலியெஸ்தரும் கலந்த துணியாக இருந்தால் பயம் குறைவு. தனிப் பருத்தியாக இருந்தால் அவசரம் அதிகம். மணப்பெண்ணின் பட்டாக இருந்தால் தடுப்பதொன்றே வழி.

வராமல் தடுப்பது

முதலாவது, நாளைத் தெரிவு செய்வது. ஹஜ்ஜுப் பெருநாளின் திகதி பிறை தெரிந்தவுடனேயே ஏறக்குறைய பத்து நாள் முன்னரே உறுதியாகிவிடுகிறது. ஆகவே இரண்டு இரவுகள் முன்னதாகப் போடலாம். பெருநாள் காலையில் நிறம் முழு ஆழத்தில் இருக்கும், துணியில் இறங்கும் காலமும் கடந்திருக்கும். நோன்புப் பெருநாளில்தான் சிக்கல். பிறை தெரிந்த செய்தி வந்த பின்னர், இரவு பத்து மணிக்கு மேல், சமையலுக்கும் தையலுக்கும் நடுவே அவசரமாகப் போடுவதால் பிள்ளைகள் ஈர மருதோன்றியோடு தூங்கிவிடுகிறார்கள். இருபத்தெட்டாம் நோன்பு துறந்த பின்னர் போட்டுவிட்டால் பெருநாள் அடுத்த நாளைத் தாண்டி வந்தாலும், அதற்கும் அடுத்த நாள் வந்தாலும் கை சிவந்தே இருக்கும். நிறம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதால் நட்டமில்லை.

இரண்டாவது, இடமும் உடுப்பும். பழைய, தளர்ந்த, கருநிற உடுப்பு ஒன்றை இதற்கென்று வைத்திருங்கள். கையை மடித்துவிடக்கூடிய சட்டையாக இருக்கட்டும். மடியில் பழைய துவாய் ஒன்றை விரியுங்கள். முக்காட்டைப் பின்னால் கட்டுங்கள். போடுபவரும் அணிபவரும் இருவருமே கறைபடுபவர்கள் என்பதை மறக்காதீர்கள். மருதோன்றிக் கோனின் நுனியைத் துடைப்பதற்கு ஒரு காகிதமோ கிழிந்த துணியோ பக்கத்தில் வேண்டும். பல கறைகள் கையிலிருந்து வருவதைவிட அந்த நுனியிலிருந்துதான் வருகின்றன.

மூன்றாவது, காயவிடுவது. நன்கு காய்ந்த பின்னர் உதிராமல் இருக்கத் தேசிக்காய்ச் சாற்றில் சீனி கரைத்துப் பஞ்சினால் ஒற்றுவது நல்ல பழக்கம். அளவோடு ஒற்றுங்கள். வழிந்தால் அந்த நீரும் சாயமே. சிறு பிள்ளைகளைக் காயும் முன் படுக்கவிட வேண்டாம். படுக்கத்தான் வேண்டுமென்றால் கையில் பழைய பருத்திக் காலுறையை மாட்டி, தலையணைக்குப் பழைய உறை போடுங்கள்.

நான்காவது, எடுப்பது. காய்ந்ததை நீரில் கழுவாமல் கரண்டிக் காம்பினாலோ நகத்தினாலோ ஒரு காகிதத்தின் மேல் சுரண்டி எடுங்கள். நீரில் கழுவினால் சாயநீர் கைவிளிம்புக்கு ஓடும், நிறமும் குறையும். பின்னர் சிறிது தேங்காய் எண்ணெய் பூசி, அரைமணி நேரத்தில் பழைய துணியால் துடைத்துவிடுங்கள். முதல் அரை நாளுக்குத் தோலில் தளர்வாக நிற்கும் சாயம் வியர்வையோடு இறங்கக்கூடும். அந்த நேரத்தில் வெள்ளையோ பட்டோ அணியாதிருப்பது நல்லது.

லோஷன் பூசும் உறவினர் வந்தால் அவருக்கும் சொல்லுங்கள். பூசியபின் பதினைந்து நிமிடமாவது உடுக்காமல் காயவிடவேண்டும். பிறகு கருநிறத் தளர்ந்த பருத்தி அணியவேண்டும். ஏழெட்டு மணிநேரம் வியர்க்காமல் இருந்து, உடலை நீரால் அலசிய பின்னரே நல்ல உடுப்பைத் தொடவேண்டும். நம் நாட்டு வெக்கையில் வியர்க்காமல் இருப்பது எப்படி என்பதை அவர்தான் யோசிக்கவேண்டும்.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

பதறித் தேய்க்காதீர்கள். தேய்த்தால் பசை நூலுக்குள் போகும், கறையும் அகலும். முறை இதுதான்:

1. மேலே நிற்கும் பசையைக் கரண்டியின் விளிம்பால் அள்ளி எடுக்கவும்.

2. துணியைத் திருப்பி, கறையின் பின்பக்கமாகக் குளிர்ந்த நீரை ஓடவிடவும். வந்த வழியே வெளியே தள்ளவேண்டும். சுடுநீர் கூடாது.

3. சலவைத்தூளைச் சிறிது நீரில் குழைத்துக் கறையில் வைத்துப் பதினைந்து நிமிடம் விடவும். பின்னர் விரல்களால் மெதுவாகக் கசக்கி அலசவும். நிறம் இறங்குகிற வரைக்கும் இதைத் திரும்பச் செய்யலாம்.

4. வெள்ளைப் பருத்தியில் இன்னும் மிச்சமிருந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் 3% ஐதரசன் பரவொட்சைட்டைப் பஞ்சினால் ஒற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு நன்றாக அலசவும். முதலில் உள்மடிப்பு விளிம்பில் ஒரு துளி விட்டுப் பரீட்சிக்கவும். நிறத்துணிக்கு இது பொருந்தாமல் போகலாம்.

5. கறை முழுதாகப் போனபின்னரே இஸ்திரிக்கை போடவும். மிச்சக் கறைமேல் சூடு பட்டால் அதன்பின் கழுவுவது வீண்.

பட்டாக இருந்தால் இரண்டாவது படியோடு நிறுத்தி, உலர் சலவைக்காரரிடம் கொடுத்து, பட்டது என்ன என்பதையும் சொல்லுங்கள். கறையின் பெயர் தெரியாமல் அவரால் மருந்து தெரிவு செய்யமுடியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்பவர்களுக்கு ஒரு மேலதிகக் குறிப்பு. எங்கள் நிலத்தின் அடியில் சுண்ணக்கல். கிணற்று நீரில் கல்சியம் கரைந்திருப்பதால் அது கடின நீர். கட்டிச் சவர்க்காரம் போட்டால் நுரை வராமல் வெள்ளைக் கசடு திரளும். அந்தக் கசடு கறையையும் பிடித்துக்கொண்டு துணியில் படியும். சட்டை மங்கலாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அது. ஆகவே கறைக்குச் சலவைத்தூளையே பயன்படுத்துங்கள். மாரியில் என்றால் ஓட்டுத் தாவாரத்தில் பிடித்த மழைநீர் இன்னும் நல்லது.

மஞ்சள் கறையைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாகும். பயப்படவேண்டாம், அது புதுக் கறையல்ல. நன்றாக அலசி உச்சி வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் நிறப்பொருள் ஒளியில் சிதைந்து வெளிறும். மருதோன்றி அப்படி வெயிலுக்கு எளிதில் பணியாது.

சட்டையைவிடப் பெரிய விடயங்கள்

கறை போகவில்லையென்ற கோபத்தில் சில வீடுகளில் செய்கிற காரியம் ஒன்று எனக்கு மிகவும் பயம். எனக்குத் தெரிந்த ஒரு தாய் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளிற்றும் திரவத்தோடு மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் சேர்த்துச் சட்டையில் ஊற்றினார். சில நொடிகளில் இருமல், மூச்சுத்திணறல். அயலவர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். குளோரீன் கொண்ட வெளிற்றியோடு எந்தப் புளிப்பும் சேரக்கூடாது. தேசிக்காயும், வினாகிரியும், அமிலமும் சேர்ந்தால் குளோரீன் வாயு வெளியேறும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் சேர்ந்தாலும் நச்சுவாயுதான். கிணற்றுக்குப் போடும் வெளிற்றும் தூளுக்கும் இதே விதி. குளோரீன் வெளிற்றியைப் பட்டிலோ கம்பளியிலோ போட்டால் துணியே கரையும். நைலோனில் போட்டால் மஞ்சளாகும். வெள்ளைப் பருத்திக்கு மாத்திரம், நீர்த்தது, தனியாக, திறந்த வெளியில்.

அடுத்தது கறுப்பு மருதோன்றி. உண்மையான மருதோன்றி கறுப்பாவதில்லை. ஒரு மணிநேரத்தில் கருகரு என்று பிடிக்கவும் மாட்டாது. அப்படிப் பிடித்தால் அதில் தலைமுடிச் சாயத்திலுள்ள பரா பினைலீன் டைஅமீன் என்ற பொருள் கலந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. சிலருக்கு அன்றே ஒன்றும் தெரியாது. சில நாட்களில் அல்லது ஒன்றிரண்டு வாரத்தில் வரைந்த பூவின் அதே வடிவில் தோல் தடித்து, அரித்து, கொப்பளிக்கும். தழும்பும் நிற்கலாம். அதைவிட மோசம், உடல் அந்தப் பொருளை வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கும். பின்னர் தலைமுடிக்குச் சாயம் பூசும்போதோ, அதை ஒத்த சில மருந்துகள் படும்போதோ கடுமையாகத் தாக்கும். எங்கள் மாணவி ஒருத்தியின் புறங்கையில் ஒரு மல்லிகைக் கொடி இப்போதும் தழும்பாக இருக்கிறது. பெட்டியில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத கோனை வாங்காதீர்கள். பெட்ரோல் மணம் அடித்தாலும் வேண்டாம். வீட்டு வேலியில் ஒரு மருதோன்றிச் செடி நட்டால் இந்தப் பயமே இல்லை.

கைக்குழந்தைகளின் பெற்றோருக்கு இன்னொரு வார்த்தை. ஜி6பிடி என்ற நொதியம் பிறப்பிலேயே குறைவாக உள்ள பிள்ளைகளுக்குச் சுத்தமான மருதோன்றிகூட இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அந்தக் குறைபாடு வெளியில் பார்த்துத் தெரியாது. ஆகவே பச்சைக் குழந்தையின் கைகாலில் பூசவேண்டாம். பூசிய பிள்ளை வெளிறினாலோ, மஞ்சள் பிடித்தாலோ, சிறுநீர் தேநீர் நிறமானாலோ உடனே வைத்தியரிடம் காட்டி, மருதோன்றி பூசியதையும் சொல்லுங்கள்.

நிறத்தை மாற்றும் ஆசை எதிர்ப்பக்கமும் போகிறது. வெள்ளையாக்கும் என்று விற்கும் சில களிம்புகளில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். 2013இன் மினமாட்டா உடன்படிக்கை அத்தகைய பூச்சுகளை உலகிலிருந்தே நீக்கச் சொல்கிறது. லண்டனில் பழுப்பாவதற்கும் இங்கே வெளுப்பதற்கும் ஒரே கடை இரண்டு போத்தல் விற்கிறது. பிள்ளைகளே, இரண்டும் வேண்டாம்.

மாணவிகள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: "மருதோன்றி போட்டால் வுழூவுக்கு நீர் படுமா, டீச்சர்?" மார்க்க விளக்கம் சொல்ல உங்கள் இஸ்லாம் பாட ஆசிரியைகள் இருக்கிறார்கள். நான் விஞ்ஞானத்தை மட்டும் சொல்வேன். மருதோன்றியின் நிறம் தோலோடு கலந்த சாயம். அது மேலே படலமாக நிற்பதில்லை. காய்ந்த பசையும் நகப்பூச்சும் படலமாக நிற்பவை. உரித்தால் தோல்போல் கழன்று வரும் மலிவான கோன்களும் படலமே. இந்த வேறுபாட்டை எடுத்துச் சென்று அவர்களிடம் கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் வகுப்புத் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெருநாளுக்கு அடுத்த வாரம் ஒரு பிள்ளையின் சட்டையில் செம்மஞ்சள் திட்டு தெரிந்தால் எல்லார் முன்னிலையிலும் சுட்டிக்காட்டாதீர்கள். அது அழுக்கு அல்ல, ஒரு சந்தோசத்தின் மிச்சம். மேலே சொன்ன ஐந்து படிகளையும் ஒரு தாளில் எழுதி அவள் உம்மாவிடம் கொடுத்தனுப்புங்கள். பாடம் தவறாமல் அவள் வகுப்புக்கு வந்தால் போதும். சட்டையை அடுத்த கழுவலில் பார்த்துக்கொள்ளலாம்.